லேடீஸ் ரூமில் என்ன சிரிப்பு?

நான் வேலை பார்த்த தொழிற்சாலை டிஸ்பென்சரியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எந்த அறைக்கும் கதவு கிடையாதாம், எல்லாம் பச்சைத் திரைதான். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டுக்கு வந்த இளம் நர்சுகள் இரண்டு பேர் இதைச் சொல்லிவிட்டு, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்கள்.

"எஸ்தர் சிஸ்டர், பழைய கட்டடத்துல லேடீஸ் ரூம் பக்கம் மட்டும் தேக்குக் கதவும் உள்தாழ்ப்பாளும் இருந்துச்சே, ஏன்? நீங்களும் பெரிய டாக்டரம்மாவும் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா வெளியில சிரிப்புச் சத்தமா கேக்குமாமே? பழைய வாட்ச்மேன் இன்னும் சொல்லிட்டிருக்காரு."

"வைத்தியம் பார்த்தோம்" என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். ஐதராபாத் பக்கத்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து வந்து, குவார்ட்டர்ஸிலேயே எங்களை வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னை ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கப் போட்டார்கள். எலும்புகள் எல்லாவற்றுக்கும் பெயர் கற்றுக்கொடுத்தார்கள். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை எப்படி வெளியே வரும் என்பதைப் படம் போட்டு விளக்கினார்கள். அது எப்படி உள்ளே போயிற்று என்ற பாடம் வரவேண்டிய அன்றைக்கு ட்யூட்டர் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

இந்த ஞானத்தோடுதான், அறுபதுகளின் நடுவில், ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த அரசாங்கத் தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலனியில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். தெலுங்கு, தமிழ், மலையாளம், கன்னடம், நடுநடுவே ஐதராபாத் உருது. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் லேடீஸ் ரூம் வாசலில் ஒரு நீள பெஞ்சு. வருகிறவர்களை உட்காரவைத்து என்ன தொந்தரவு என்று கேட்டுவைப்பது என் வேலை.

சேர்ந்த புதிதில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்னம்மா?"

"அவருக்கு ஓவர்டைம் ஜாஸ்தி ஆயிடுச்சு சிஸ்டர். புள்ள பொறந்து இன்னும் நாப்பது நாள்கூட ஆவல. என்னால முடியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பச்சை உடம்புக்காரியின் புருஷனை இப்படியா வேலை வாங்குவார்கள்? "அவர் எந்த ஷாப்? பேரைச் சொல்லுங்க. டைம் ஆபீஸ்ல சொல்லி ஓவர்டைமை நிறுத்திடச் சொல்றேன்" என்றேன்.

பெஞ்சே ஆடிவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்குப் புரையேறியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருவர் மட்டும் பதறிப்போய், "சிஸ்டர், நக்கோ, வேணாம்! டைம் ஆபீஸ்ல சொன்னா எல்லாருக்கும் சேத்து நிறுத்திடுவாங்க. எங்க வீட்டுல நிறுத்த வேணாம்" என்றார்.

சத்தம் கேட்டு டாக்டர் குர்ஷித் பேகம் வெளியே வந்தார். லேடீஸ் ரூமின் மருத்துவர். ஐதராபாத் பழைய நகரத்துக் குடும்பம், நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. "கைக்கு சிரிப்பு?" என்று கேட்டார். ஐதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. ஒருத்தி அவர் காதில் சொன்னாள். டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு மத்தியானம் கிளாஸ்" என்றார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் தவறிப்போன பாடம் அன்று மத்தியானம் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என் காது சூடாகிவிட்டது. "நீ வெக்கப்பட்டா அவங்க பேசமாட்டான்" என்றார் டாக்டர். அவருடைய தமிழ் நோயாளிகளிடம் பொறுக்கியது, ஆண்பால் பெண்பால் பார்க்காது. "பேசலைன்னா நான் எதுக்கு வைத்தியம் பாக்கறது? பெஞ்சுக்கா?"

கைக்குழந்தைக்காரிக்கு அன்று டாக்டர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன். பிள்ளை பெற்ற உடம்பு ஆறக் காலம் வேண்டும். தூக்கமில்லாமல் பால் கொடுக்கிறவளுக்கு ஆசை வராமலிருப்பது இயற்கை, அது திரும்பி வரும். அதுவரை வேண்டாம் என்று சொல்வதற்கு அவளுக்கு உரிமை உண்டு. புருஷனை வரச் சொல்லி அவனுக்கும் இதையே சொன்னார். அவன் மறுத்துப் பேசவில்லை. அவனிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் குர்ஷித் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். நோயாளி உள்ளே வந்ததும் தாழ்ப்பாள். பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் வைக்கச் சொல்வார், குளிர்காலத்திலும்கூட. அந்தப் பழைய விசிறி போடுகிற சத்தத்தில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. சிரிப்பு மட்டும்தான் அதையும் தாண்டிப் போயிருக்கிறது. பிறகு தன் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போட்டு, வந்தவள் பக்கத்தில் உட்காருவார். பரிசோதனை மேஜையில் படுக்கவைத்துக்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்கமாட்டார். "படுத்தவ ஆமா ஆமான்னுதான் சொல்வான். உக்காந்து பேசினாதான் உண்மை வரும்."

பரிசோதிக்கும் இரும்புக் கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருக்கச் சொல்வார். எடுத்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார், குழந்தையின் பாலைப் பார்ப்பது போல. விரிப்பை விலக்குமுன் சொல்வார், தொடுமுன் சொல்வார். "நிறுத்து" என்று வந்தவள் சொல்லிவிட்டால் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

எல்லாம் முடிந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பாக்குவெட்டியை எடுப்பார். ஒன்றும் பேசாமல் பாக்கைச் சீவிக்கொண்டிருப்பார். தலைவலி, இடுப்புவலி என்று வந்தவள் எழுந்து கதவு வரைக்கும் போவாள். தாழ்ப்பாளில் கை வைப்பாள். பிறகு திரும்பி, "டாக்டரம்மா, இன்னொண்ணு..." என்பாள். அந்த இன்னொன்றுக்குத்தான் அவள் காலையில் குளித்துப் புறப்பட்டு வந்திருப்பாள்.

கனகவல்லி அந்த இன்னொன்றைச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் வந்தவள். ஏனென்றால் அவளுக்குப் பதில் அவளுடைய மாமியார் பேசினார்.

கனகவல்லியின் கணவர் சுந்தரம் டூல் ரூமில் கிரைண்டர் மெஷினில் வேலை பார்த்தவர். குடியாத்தத்துக்காரர்கள். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தையில்லை. மாமியார் காந்திமதியம்மாள் ஒத்தாசைக்கு என்று சொல்லி வந்து மகன் வீட்டிலேயே தங்கிவிட்டவர். மாமனார் குடியாத்தத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்னம்மா?" என்று டாக்டர் கனகவல்லியைக் கேட்டார்.

"வயித்துல தங்கல" என்றார் காந்திமதியம்மாள்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"அதெல்லாம் டாண்ணு வருது."

"பசி?"

"நல்லா துன்னும்."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "நீங்க?"

"நான் மாமியாரு. டாக்டரம்மா, இவளுக்குக் குழந்த பொறக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும். எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு இருக்குது. தை மாசத்துல எம் புள்ளைக்குக் கட்டி வெச்சுடலாம்னு இருக்கேன். இவளும் இருக்கட்டும், நான் ஒண்ணும் தொரத்தல."

கனகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் காந்திமதியம்மாளின் முகத்தையே கவலையோடு பார்த்தார். "உங்களுக்கு மூச்சு வாங்குது. பிபி இருக்கும். எஸ்தர், இவங்கள பக்கத்து ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாரு. நல்லா மெதுவாப் பாரு."

அவருக்கு மூச்சும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. நான் அவர் கையில் பிபி பட்டையைச் சுற்றி, "நான் வர்ற வரைக்கும் கையை ஆட்டக்கூடாது, பேசவும் கூடாது" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு ஓடிவந்தேன்.

கனகவல்லி பரிசோதனை மேஜையில் படுத்திருந்தாள். டாக்டர் வழக்கம்போல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விரிப்பின் ஓரத்தைத்தான் தொட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் உடம்பு முழுவதும் வில்லாக எழும்பி மேஜையின் தலைமாட்டுக்கு ஏறிவிட்டது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. அவளுடைய நகம் என் கையில் பதிந்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். "நக்கோ, நக்கோ. இன்னைக்கு ஒண்ணும் வேணாம். எந்திரிச்சு உக்காரு."

சேலையைச் சரிசெய்துகொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாக்குவெட்டி நறுக் நறுக்கென்று கேட்டது. பிறகு கனகவல்லி பேசினாள்.

"டாக்டரம்மா, எங்களுக்குள்ள இன்னும் ஒண்ணுமே நடக்கல."

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய அத்தை முறைக்காரி ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, கத்தியால் குத்துகிற மாதிரி இருக்கும், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த படிப்பு அதுதான். முதல் நாள் சுந்தரம் பக்கத்தில் வந்ததும் உடம்பு பூட்டிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. அவள் அழ, அவரும் பயந்து விலகிக்கொள்ள, நாலு வருஷமாக ஒரே பாயில் அண்ணன் தங்கையைப் போலப் படுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவரு ரொம்ப நல்லவரு. ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்கு அவரப் புடிக்கும். நான்தான் வழியே இல்லாம பொறந்துட்டேன்போல."

"யாரு சொன்னது வழி இல்லன்னு? மாசாமாசம் டாண்ணு வருதே, எந்த வழியில வருது?" என்றார் டாக்டர். கனகவல்லிக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க பாரு. கண்ணுகிட்ட தூசி வந்தா கண்ணு மூடிக்குது. நீ சொல்லியா மூடுது? அதுவா மூடும். உன் உடம்பு பயந்து மூடிக்குது. பயம் போச்சுன்னா தெறக்கும். உன் தப்பு இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு."

அடுத்து சுந்தரத்தை வரவழைத்தார். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டாக்டர் வாயைத் திறக்குமுன்னே, "எங்கிட்டதான் குறைன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க டாக்டர். நான் சொல்லிப் பாத்துட்டேன், நம்பமாட்டேன்றாங்க. டாக்டர் சொன்னா நம்புவாங்க. இல்லேன்னா இவ வாழ்க்கை போயிடும்" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கிட்டயும் குறை இல்ல, அவகிட்டயும் இல்ல. பொய்யெல்லாம் வேணாம். நான் ஒரு ஆர்டர் போடறேன். நான் சொல்ற வரைக்கும் முயற்சியே பண்ணக்கூடாது. ஓவர்டைம் பந்த்."

"நாலு வருஷமா பந்த்துதான டாக்டர்?"

"அது பயத்துல பந்த். இது டாக்டர் ஆர்டர்ல பந்த். வித்தியாசம் இருக்கு, போகப்போகத் தெரியும். சாயங்காலம் அவள டேங்க் பண்ட் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போ. மக்காச்சோளம் வாங்கிக் குடு. கையப் பிடிச்சுக்கோ. கையோட நிறுத்திக்கோ. அம்மாவக் கூட்டிட்டுப் போகாத."

புதன்கிழமை தோறும் கனகவல்லிக்கு இரும்புச்சத்து ஊசி என்று வீட்டில் சொல்லச் சொன்னோம். மாமியாரும் கூடவே வருவார், விடமாட்டார். அவருக்கு பிபி.

முதல் புதன்கிழமைகளில் மூச்சு விடப் பழகியதோடு சரி. பிறகு சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து, விடுவது. எது இறுகுகிறது என்று தெரிந்தால்தான் எதைத் தளர்த்துவது என்று தெரியும். பிறகு ஒரு நாள் கைக்கண்ணாடியைக் கொடுத்து, தன்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நாங்கள் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம்.

"சிஸ்டர்" என்றாள் கனகவல்லி. "இவ்ளோதானா? இதுக்கா நாலு வருஷம் பயந்து செத்தேன்?"

அன்று விசிறியையும் மீறிச் சிரிப்பு வெளியே கேட்டிருக்கும்.

பிறகு அவளுடைய சொந்த விரல். அதன் பிறகு கண்ணாடிக் குச்சிகள். வழவழப்பாக, சுண்டுவிரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் ஒரு செட். கோட்டி கடைத்தெரு பக்கத்து சர்ஜிகல் கடையிலிருந்து டாக்டரே வாங்கிவந்தார். அவற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, களிம்பு தடவிக் கொடுப்பது நான். வைத்துக்கொள்வது அவள். டாக்டர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சாவி அவகிட்டதான் இருக்கணும்" என்பார் என்னிடம்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை கனகவல்லி வந்தாள், உடம்பு மறுபடியும் பூட்டிக்கிடந்தது. சின்னக் குச்சிக்குக்கூட முடியவில்லை. மாமியார் அண்ணன் வீட்டில் பேசி முடித்து, புடவை எடுக்கிற பேச்சு வரைக்கும் வந்துவிட்டாராம். டாக்டர் என்னிடம் உருதுவில் என்னவோ சொன்னார். அதை இங்கே எழுதமுடியாது.

பக்கத்து அறையில் காந்திமதியம்மாள் கையில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் அன்று நல்ல கோபம். கொஞ்சம் அழுத்தமாகவே காற்றடித்தேன். அவரோ, "இத்தக் கட்டினா மனசு லேசாவுது சிஸ்டரு" என்றார். வாரக்கணக்கில் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து நாங்கள் சிநேகிதிகளாகியிருந்தோம். கிளம்ப எழுந்தவர் கதவு வரைக்கும் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். திரும்பினார்.

"சிஸ்டரு, இன்னொண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சொல்லுங்கம்மா."

"எரிச்சல்."

"எங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். "கீழ."

விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு வந்த தொந்தரவு. கணவர் பக்கத்தில் வந்தாலே மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி. "கொஞ்ச காலம் பல்லக் கடிச்சுக்கினு இருந்தேன். அப்புறம் முடியல. பேரன் பேத்தி எடுக்கற வயசுல இத்த யாருகிட்ட சொல்றது? புள்ளைக்கு ஒத்தாசைன்னு சொல்லிக்கினு இங்க வந்துட்டேன். அவரு வா வான்னு கடுதாசி போட்டுக்கினே இருக்காரு."

"அவர்கிட்ட சொல்லலாமே?"

"சொன்னா, இவளுக்கு ஆசை போயிடுச்சுன்னு நெனச்சுக்குவாரு." கொஞ்ச நேரம் பட்டையின் ரப்பர் குழாயை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆசை போவல சிஸ்டரு. அதான் கஷ்டமே."

நான் அடுத்த அறைக்கு ஓடினேன். கனகவல்லி போயிருந்தாள். டாக்டரிடம் சொன்னதும் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா! ஒரே குவார்ட்டர்ஸ்ல ரெண்டு பேரா?"

அதன் பிறகு புதன்கிழமைகளில் நாங்கள் நடத்தியது ஒரு நாடகம். ஒருத்தியின் விஷயம் மற்றவளுக்குத் தெரியக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. மருமகள் டாக்டரிடம் இருக்கும்போது மாமியாருக்கு என்னிடம் பிபி. மாமியார் டாக்டரிடம் போகும்போது மருமகளுக்கு என்னிடம் ஊசி. நடுவில் நடையில் இருவரும் எதிரும் புதிருமாகக் கடந்துபோவார்கள். "அத்தைக்கு பிபி அவ்ளோ ஜாஸ்தியா சிஸ்டர்?" என்று கனகவல்லி கண்கலங்கினாள். "இவளுக்கு ரத்தமே இல்லபோல, வாரா வாரம் குத்துறீங்களே, பாவம்" என்றார் காந்திமதியம்மாள்.

டாக்டர் அவரையும் உட்காரவைத்துத்தான் பேசினார். பரிசோதித்து, மார்பையும் பார்த்து, இடையில் ரத்தப்போக்கு உண்டா என்றெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகு சொன்னார்: "உடம்புல ஒரு ஹார்மோன் கொறஞ்சுபோச்சு. அதனால உள்ள தோல் மெலிசாகிக் காஞ்சுபோச்சு. அவ்ளோதான். கொஞ்சமா களிம்பு வெச்சா சரியாகும். அந்த நேரத்துக்கு வேற ஜெல்லி தரேன்."

"இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு ஊரு சிரிக்காதா டாக்டரம்மா?"

"ஊரு உங்க பெட்ரூம்ல வந்து நிக்குதா? கைக்கு நிக்குது? வெளிய போகச் சொல்லுங்க."

காந்திமதியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில வாரங்களில் அவர் ஆளே மாறிவிட்டார். ஒரு புதன்கிழமை தலையில் பூவோடு வந்து, ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். டாக்டர் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல, "அப்ப தை மாசம் கல்யாணம்?" என்றார்.

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. இன்னொருத்திய கட்டமாட்டேன்னு எம் புள்ள ஒத்தக் கால்ல நிக்கறான்." மருந்தை வாங்கிப் பைக்குள் அடியில் வைத்தார். "நானும் யோசிச்சேன். எனக்கு இருந்த தொந்தரவு, கூடவே குடும்பம் நடத்துன மனுஷனுக்கே தெரியல. எம் மருமவளுக்கு என்னா தொந்தரவோ? நான் ஒரு நாளும் கேக்கலியே. அவளுக்கும் சேத்து நானே பேசிக்கினு இருந்துட்டேன்."

மருமகளைப் பற்றி ஒரு எழுத்தும் டாக்டர் வாயிலிருந்து வராது. விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்தான் நிறைந்துவிட்டது.

காந்திமதியம்மாள் ரயிலேறிப் போனார். கனகவல்லி பெரிய குச்சி வரைக்கும் வந்துவிட்டாள். ஆனாலும் டாக்டர் தடையை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, முறை இல்லாத நாளில், கனகவல்லி வந்து நின்றாள். உள்ளே வந்ததும் அவளே தாழ்ப்பாளைப் போட்டாள். விசிறியையும் அவளே கூட்டினாள்.

"டாக்டரம்மா, திட்டக்கூடாது."

"என்ன ஆச்சு?"

"தடைய மீறிட்டோம்."

டாக்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "யாரு பர்மிஷன் குடுத்தது?"

கனகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் குடுத்தேன்."

டாக்டர் குர்ஷித் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மேஜையில் விழுந்தது. நானும் சேர்ந்துகொண்டேன், அவளும் சேர்ந்துகொண்டாள். வாட்ச்மேன் கதவைத் தட்டி, "மேடம், எல்லாம் சரியா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு டாக்டர் வைத்தியராகிக் கேட்டார், வலித்ததா என்று. "கொஞ்சம். நிறுத்துங்கன்னேன், நிறுத்திட்டாரு. அப்புறம் நானேதான்..." என்று சொல்லி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் எனக்கும் கல்யாணம். மாப்பிள்ளை சாமுவேல், ரயில்வேயில் கிளார்க், சர்ச்சில் பாடுவார். டாக்டர் எனக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார். அதன் மடிப்புக்குள் ஒரு ஜெல்லி ட்யூபையும் வைத்திருந்தார். சேலையைப் பிரித்துப் பார்த்த என் அம்மா அதை பற்பசை என்று நினைத்துக் குழாயடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்திருந்த பாளையங்கோட்டை மாமா காலையில் அதில் பல் துலக்கிவிட்டு, "என்ன எழவு பேஸ்ட்டுடே இது? நுரையே வரமாட்டேங்கு. வழுவழுன்னுல்லா இருக்கு" என்று வீடு முழுவதும் கேட்டுக்கொண்டு திரிந்தார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவள் மணப்பெண்ணாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் குர்ஷித் ஓய்வு பெற்றுப் போன பிறகும் லேடீஸ் ரூமை அவர் முறைப்படியே நடத்தினேன். புதிதாக வந்த டாக்டர்களும் அதற்குப் பழகிக்கொண்டார்கள். என் கடைசி வருஷத்தில் ஒரு நாள் கனகவல்லி வந்தாள், நரைத்த தலையோடு. கூடவே அவள் மகள் விஜயா. காலேஜ் முடித்தவள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் தொழிற்சாலையிலேயே டிராயிங் ஆபீஸில் இருந்த மோகன்.

"சிஸ்டர், இவளுக்கு நான் எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். சரியாச் சொன்னேனான்னு நீங்க ஒரு தடவ கேட்டுப் பாத்துடுங்க" என்றாள் கனகவல்லி.

விஜயா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ப்ளீஸ், இனி நக்கோ! அம்மா பஸ்ல வெச்சு சொல்றா. எட்டாம் நம்பர் பஸ்ல, கண்டக்டர் பக்கத்துல நிக்கும்போது! தமிழ் யாருக்கும் புரியாதுன்னு அம்மாக்கு நெனப்பு. பின்னாடி சீட்ல ஒரு அங்கிள் தமிழ் பேப்பர் படிச்சிட்டிருக்கார். பாட்டி வேற ஊர்லேர்ந்து வந்திருக்கா. அவ அம்மாக்கு மேல. வயசானா என்ன பண்ணணும்னு இப்பவே சொல்றா எனக்கு!"

"என்ன சொன்னாங்க, சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். அவசரமில்லை. எப்போது பிள்ளை என்று இருவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம், அதற்கு இன்னின்ன வழி இருக்கிறது. தனக்கும் சந்தோஷம் இருக்கவேண்டும். இந்தக் கடைசியை மட்டும் ரொம்ப வேகமாகச் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது. நான் திருத்த ஒன்றுமில்லை.

"பிறகென்ன? பாஸ்" என்றேன்.

"பாஸ் ஓகே ஆன்ட்டி. ஆனா ஒரு டவுட்." அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள். "எனக்கு நீங்க மூணு பேர் சொல்றீங்க. அவருக்கு யார் சொல்வா?"

நானும் கனகவல்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சர்வீஸ் முடியப்போகிற நேரத்தில் நர்சுக்கு ஒரு கேள்வி.

"அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள் கனகவல்லி கடைசியில்.

"அப்பாவா!" என்று அலறினாள் விஜயா.

அந்த வாரமே ஒரு நாள், ஷிஃப்ட் விட்ட நேரம், டிஸ்பென்சரி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மெயின் கேட் பக்கத்து பஸ் ஸ்டாப்பில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, சுந்தரமும் அந்தப் பையன் மோகனும் நின்றிருந்தார்கள். சுந்தரம் டிபன் கேரியரைக் கைமாற்றிக்கொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மோகன் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் அத்தனை தூரத்துக்கும் சிவப்பாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டான். சுந்தரம் யோசித்துப் பதில் சொன்னார். மோகன் இன்னொன்று கேட்டான்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. கண்டக்டர் இவர்கள் இருவரையும் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டார். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று.